ஊர்ப்பெயருக்குச் சான்று செவியன்று

மொழியின்மேல் கொண்ட அன்பே அம்மொழிக்குத் தீங்காய் முடிவதும் உண்டு. அன்பு மிகுந்து ஆராய்ச்சி குறையுமிடத்து அத்தீங்கு நேர்கிறது. ஊர்ப்பெயர் ஆராய்ச்சி என்னும் பெயரால் தமிழ் மேடைகளில் நடப்பது பல வேளைகளில் இவ்வகைப்பட்டதே. உலகப் படத்திலுள்ள ஏதேனும் ஒரு பெயரை எடுத்துக்கொள்வது. அதன் ஒலியோடு ஓரளவு ஒத்த தமிழ்ச்சொல் ஒன்றைத் தேடுவது. இரண்டும் ஒன்றே என்று கூறிக் கையொலி பெறுவது. இம்முறைக்கு வரலாற்றறிவு வேண்டுவதில்லை. அயல்மொழி இலக்கணமும் வேண்டுவதில்லை. அதனினும் வருந்தத்தக்கது, தமிழ் இலக்கணமும் வேண்டுவதில்லை என்பது. செவி ஒன்று இருந்தாற் போதும்.

இம்முறை சிங்கப்பூர்த் தமிழ் வகுப்பறைக்குள் நுழைதல் ஆகாது. அதனை நிறுவுவதற்கு ஒரு பழைய பெயரே போதிய சான்றாகும். அது இம்மண்ணுக்கு அயலான பெயரும் அன்று. எந்நிலப்பகுதியின் தென்முனையில் சிங்கப்பூர்த் தீவு அமைந்துள்ளதோ, அந்நிலப்பகுதிக்குக் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் யவனர் இட்டு வழங்கிய பெயர் அது. கிரேக்க மொழியில் ‘கிரூசே கெர்சொனேசொஸ்’. இலத்தீன் மொழியில் ‘ஔரெயா கெர்சொனேசுஸ்’.

பெயரின் பொருள்

அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த தாலமி என்னும் அறிஞர் கி.பி. 150ஐ ஒட்டிக் கிரேக்க மொழியில் புவியியல் நூல் ஒன்று இயற்றினார். அதன் ஏழாம் நூலில், கங்கைக்கு அப்பாற்பட்ட இந்தியாவைக் கூறுமிடத்து, இன்று மலாயாத் தீபகற்பம் எனப்படும் நிலத்தைக் ‘கிரூசே கெர்சொனேசொஸ்’ என்று குறித்தார். ‘கிரூசே’ என்பது பொன்னாலாகியது என்னும் பொருளுடைய அடைமொழி. ‘கெர்சொனேசொஸ்’ என்பது ஒரு தொகைச்சொல். ‘கெர்சொஸ்’ என்பது வறண்ட நிலம், கரை நிலம். ‘நேசொஸ்’ என்பது தீவு. நிலத்தோடு ஒட்டிய தீவு என்பது இத்தொகையின் பொருள்.

இதே பொருளை ஒவ்வொரு மொழியும் தன் நோக்கில் நின்று சொல்லியிருத்தல் கருதத்தக்கது. கிரேக்கர் கரையோடு ஒட்டிய பக்கத்தைக் கண்டு ‘கரைத்தீவு’ என்றனர். உரோமர் கடல் சூழ்ந்த பக்கத்தைக் கண்டு ‘பைனின்சுலா’, அதாவது ‘ஏறத்தாழத் தீவு’ என்றனர். வடமொழியாளர் ‘த்வீபகல்ப’ என்றனர். தீவு போன்றது என்பது பொருள். அதுவே தமிழில் தீபகற்பம் ஆயிற்று. ‘கல்ப’ என்பது தமிழில் ‘கற்ப’ என வருதல் கற்பகம் என்னும் சொல்லாலும் விளங்கும். இதனை அறியாது, தீபகற்பம் என்பதில் உள்ளது கர்ப்பமே என்று கொண்டு, கடலின் கருவறையில் கிடக்கும் நிலம் எனப் பொருள் விரிப்பாரும் உளர். செவி செய்யும் மயக்கத்திற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. ‘தீவக்குறை’ என்னும் சொல்லும் தமிழில் உண்டு. தீவாதற்குச் சிறிது குறைந்தது என்னும் அச்சொல் உரோமர் சொல்லுக்கு மிக அண்மையில் நிற்கிறது.

‘கிரூசே கெர்சொனேசொஸ்’ என்பதைப் ‘பொற்றீவு’ என்று மொழிபெயர்ப்பது பிழை என்பது இதனால் பெறப்படும். இப்பிழை சிறிதன்று. தாலமிக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முற்பட்ட பொம்போனியுஸ் மேலாவும், எரித்திரேயக் கடற்பயண நூலை எழுதிய பெயர் அறியப்படாத வணிகரும் கிழக்கே இருந்த பொன்னிலத்தைத் தீவு என்றே கருதினர். தாலமியின் நூலில்தான் அது நிலத்தோடு ஒட்டிய தீவக்குறையாகத் தோன்றுகிறது. இடைப்பட்ட காலத்தில் மாலுமிகள் அக்கரையின் உருவத்தை அறிந்துகொண்டனர். ‘கெர்சொஸ்’ என்னும் முற்பகுதிக்குள் கடலோடிகளின் ஒரு நூற்றாண்டு அறிவு அடங்கிக் கிடக்கிறது. அப்பகுதியை விட்டுப் ‘பொற்றீவு’ என்பார் அவ்வறிவையும் விட்டவர் ஆவர்.

இலத்தீன் கற்பிக்கும் இலக்கணம்

தாலமியின் நூல் கிரேக்கத்தில் இருந்தவரை மேற்கு ஐரோப்பாவில் அதனைப் படிப்போர் சிலரே. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாக்கோப்போ ஆஞ்செலி அதனை இலத்தீனில் பெயர்த்தார். 1477இல் பொலோஞா நகரில் அது நிலப்படங்களோடு அச்சேறியது. அது முதல் ‘ஔரெயா கெர்சொனேசுஸ்’ என்னும் இலத்தீன் வடிவமே நிலப்படங்களில் நிலைபெற்றது. 1667இல் வெளிவந்த மில்டனின் ‘துறக்க இழப்பு’ அப்பெயரைக் குறிப்பிடுகிறது. 1883இல் இசபெல்லா பேர்ட் என்னும் ஆங்கிலப் பெண்மணி மலாயாவைப் பற்றி எழுதிய பயண நூலுக்கும் அதுவே தலைப்பாயிற்று.

இப்பெயரில் இலத்தீன் பயிலும் தொடக்க மாணாக்கன் இடறும் இடம் ஒன்றுண்டு. ‘-உஸ்’ என முடியும் இரண்டாம் வகைப் பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் ஆண்பால். ‘-ஆ’ என முடியும் அடைமொழி பெண்பாலுக்கு உரியது. அவ்வாறாயின் ‘கெர்சொனேசுஸ்’ என்னும் பெயருக்கு ‘ஔரெயுஸ்’ என்றன்றோ அடை வருதல் வேண்டும்? ‘ஔரெயா’ என வந்தது எங்ஙனம்?

விடை இதுவே. ‘நேசொஸ்’ என்னும் கிரேக்கச் சொல் ஈற்றால் ஆண்பால் போலத் தோன்றினும் பாலால் பெண்பாற் சொல்லாகும். அது இலத்தீனுக்குள் புகும்போது ஈற்றை மாற்றிக்கொண்டது; பாலை மாற்றிக்கொள்ளவில்லை. கிப்ருஸ், ரோடுஸ், கொரிந்துஸ், பெலொப்பொன்னேசுஸ் முதலிய நாட்டுப் பெயர்களும் ஊர்ப்பெயர்களும் தீவுப் பெயர்களும் அவ்வாறே ‘-உஸ்’ ஈற்றுப் பெண்பாற் சொற்கள். மரப்பெயர்களும் இவ்வழக்கினவே. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் காணத்தக்க அரசமரத்தின் அறிவியற்பெயர் ‘ஃபைக்கஸ் ரெலிஜியோசா’. பெயர் ‘-உஸ்’ ஈறு. அடை ‘-ஆ’ ஈறு. ‘கெர்சொனேசுஸ் ஔரெயா’ என்பதும் அதே அமைப்பு. மரத்தடியில் நிற்கும் மாணவனுக்கு ஈராயிரம் ஆண்டு இலக்கணம் பெயர்ப்பலகையிலேயே எழுதிக் கிடக்கிறது.

பெயர் வேற்றுமை ஏற்கும்போது அதன் அடையும் உடன் திரிதல் இலத்தீனின் இயல்பு. எழுவாயில் ‘கெர்சொனேசுஸ் ஔரெயா’. இரண்டாம் வேற்றுமையில் ‘கெர்சொனேசும் ஔரெயாம்’. ஆறாம் வேற்றுமையில் ‘கெர்சொனேசீ ஔரெயை’. பெயர் ஒரு வாய்பாட்டில் நடக்க, அடை வேறொரு வாய்பாட்டில் நடக்கிறது. ஈறுகள் ஒவ்வாமல் இருப்பினும் பால், எண், வேற்றுமை மூன்றும் ஒத்தே நிற்கும். கி.மு. முதல் நூற்றாண்டினராகிய கொர்னேலியுஸ் நேப்போஸ், மில்தியாதிசின் வரலாற்றைத் தொடங்கும்போது, கெர்சொனேசுக்குக் குடியேறிகளை அனுப்பியதைக் கூறுமிடத்து இடைச்சொல் எதுவுமின்றி ‘கெர்சொனேசும்’ என இரண்டாம் வேற்றுமையை மட்டும் வைக்கிறார். ஊர்ப்பெயர்க்கும் சிறு தீவின் பெயர்க்கும் இலத்தீன் அளிக்கும் அவ்வுரிமையை ஒரு தீவக்குறைக்கும் அளித்துவிட்டார். தமிழில் ‘மதுரை சென்றான்’ எனக் குவ்வுருபு தொக்கு வருதலோடு இதனை ஒப்பிட்டுக் காட்டலாம்.

தமிழாசிரியர்க்கு இவை புதியன அல்ல. ஈறு ஒன்றாகவும் முடிபு வேறாகவும் வருதலைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே கூறியுள்ளார். வேந்து, குழவி முதலிய சொற்கள் பொருளால் உயர்திணையாயினும் அஃறிணை முடிபு ஏற்கும். வேந்து வந்தது எனில் வந்தவன் அரசனே, சொல்தான் அஃறிணை. அதுபோலக் ‘கெர்சொனேசுஸ்’ பெண்பாற் சொல், அந்நிலம் பெண்ணன்று. இவ்வேறுபாடு அறியாதார், யவனர் இம்மண்ணைத் தாய்த்தெய்வமாக வழிபட்டமையால் பெண்பால் அடை தந்தனர் என்று சொற்பொழிவாற்றக் கூடும். இலக்கணப்பால் வேறு, பொருட்பால் வேறு என்னும் தொடக்கப் பாடம் அறிந்தார்க்கு அவ்வுரை நகைப்புக்கே இடமாகும்.

செவிவழி ஆராய்ச்சியின் எளிமை

இனி, இப்பெயரைச் செவிவழி ஆராய்வாரிடம் ஒப்படைத்தால் என்ன நேரும் என்று பார்த்தல் நன்று. ‘கெர்’ என்பது ‘கரை’. ‘நேசொஸ்’ என்பது ‘நேயம்’ அல்லது ‘நேசம்’. ஆகவே கரைநேசம் கொண்ட தமிழ்க் கடலோடிகள் இட்ட பெயரே இது. அரை நாழிகையில் ஆராய்ச்சி முடிந்துவிட்டது! ‘கெர்சொஸ்’ என்பதற்குக் கரை என்னும் பொருளும் இருத்தலால் இது மெய்போலவும் தோன்றும். பொய்யினும் மெய்போலி கொடிது.

இலக்கணமும் வரலாறும் இதனை ஒரு நொடியில் தகர்க்கும். கெர்சொனேசொஸ் என்பது மலாயாவுக்கு மட்டும் உரிய பெயரன்று. 1915இல் பெரும்போர் நிகழ்ந்த கலிப்பொலி, பழங்காலத்தில் திரேசியக் கெர்சொனேசொஸ் எனப்பட்டது. கிரீமியா, தவுரிக் கெர்சொனேசொஸ். தென்மார்க்கின் சட்லாந்து, கிம்பிரிக் கெர்சொனேசொஸ். செவஸ்தோப்பொல் அருகிலுள்ள கெர்சொனேசொஸ் என்னும் பழைய நகரம் 2013இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இத்தனை இடங்களிலும் கரைநேசம் கொண்ட தமிழர் பெயரிட்டுச் சென்றனரா? அது கிரேக்கரின் பொதுச்சொல். எங்கெங்கு தீவக்குறை கண்டனரோ அங்கெல்லாம் அச்சொல்லை வைத்து, அடைமொழியால் வேறுபடுத்தினர். மலாயாவிற்குக் கிடைத்த சிறப்பு ‘பொன்’ என்னும் அடை ஒன்றே. பகாங்கில் பொன் கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் ரவூப் என்னுமிடத்தில் பொற்சுரங்கம் நடைபெற்றது. அடைமொழிக்கு அதுவே போதிய காரணம்.

தேவநேயப் பாவாணரைத் துணைக்கழைப்பது இத்தகையோர் வழக்கம். பாவாணர் பன்மொழி இலக்கணங்களைப் பல்லாண்டு உழைத்துக் கற்றவர். வேர்களை நிரல்படத் தொகுத்து ஆராய்ந்தவர். அவருடைய முடிபுகள் பலவற்றை மொழிநூலார் ஏற்றிலர். ஆயினும் அவருடைய உழைப்பை மறுப்பார் இலர். அவர் பெயரைச் சொல்லுவோரோ அவருடைய முடிபுகளை எடுத்துக்கொண்டு உழைப்பை விட்டுவிட்டனர். ஆசானின் கைக்கோலை எடுத்துக்கொள்வதனால் ஒருவன் ஆசானாகிவிடான்.

மெய்யான சுவடுகள்

இவ்வாறு கூறுவது தமிழின் பெருமையைக் குறைப்பதாகாதோ என்பார் உளர். குறைப்பதன்று, காப்பது. தமிழ்ப்பெயர்கள் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் புகுந்ததற்கு ஐயமற்ற சான்றுகள் உள்ளன. அவற்றுள் தலையாயது முசிறி. யவனர் பொன்னொடு வந்து மிளகொடு மீண்ட அத்துறையை அகநானூற்றின் 149ஆம் பாட்டு கூறுகிறது. அதே துறையைக் கிரேக்க நூல்கள் ‘முசிரிஸ்’ என்கின்றன. கி.பி. 77இல் நிறைவுற்ற பிளினியின் இலத்தீன் நூலில் அது ‘முசிரிம்’ என இரண்டாம் வேற்றுமையில் நிற்கிறது. இகர ஈற்றுத் தமிழ்ப்பெயர் கிரேக்கத்தில் சகர ஒற்றை ஏற்றது; இலத்தீனில் மகர ஒற்றை ஏற்று வேற்றுமைப்பட்டது. ஈற்றைக் களைந்தால் முசிறி முசிறியாகவே நிற்கிறது. ஒலி ஒத்தது, பொருள் ஒத்தது, இடம் ஒத்தது, காலம் ஒத்தது, ஈறு திரிந்த வழியும் தெரிகிறது. சான்று என்பது இதுவே.

இஞ்சியும் அத்தகையது. ‘இஞ்சிவேர்’ என்னும் தென்மொழிச் சொல் பாலியில் ‘சிங்கிவேர’ ஆகி, கிரேக்கத்தில் ‘சிங்கிபெரிஸ்’ ஆயிற்று. வழிநெடுக அடிச்சுவடு உண்டு. மாமரத்தின் அறிவியற்பெயர் ‘மாங்கிஃபெரா இண்டிகா’. தென்னாட்டு மாங்காய் போர்த்துகீசியர் வாயிலாக மேனாடு சென்று, காய்ப்பது என்னும் பொருள்தரும் இலத்தீன் விகுதி பெற்று, இந்தியாவுக்குரியது என்னும் பெண்பால் அடையோடு அரியணை ஏறியுள்ளது. இவ்வளவு மெய்ப்பெருமை கையில் இருக்கப் பொய்ப்பெருமை தேடுவது, பொற்காசை மடியில் வைத்துக்கொண்டு கிளிஞ்சல் பொறுக்குவதை ஒக்கும்.

பொன்னந்தீவக்குறைக்குள்ளேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தாலமி அங்கே ‘தக்கோலா’ என்னும் வணிகத்துறையைக் குறிக்கிறார். பாலியில் உள்ள ‘மிலிந்த பன்ஹ’ என்னும் பௌத்த நூல் ‘தக்கோல’ என்கிறது. இராசேந்திர சோழனின் கடல்கடந்த வெற்றிகளை அடுக்கும் தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டு (கி.பி. 1030) ‘தலைத்தக்கோலம்’ என்கிறது. மூன்று மொழி, மூன்று காலம், ஒரே பெயர். இங்கும் விழிப்பு வேண்டும். கி.பி. 949இல் சோழரும் இராட்டிரகூடரும் பொருத தக்கோலம் தொண்டைமண்டலத்தது. பெயரொப்புமை கண்டு இரண்டையும் ஒன்றாக்கினால் வரலாறு கெடும்.

அதே கல்வெட்டில் ‘மலையூர்’ என்றொரு பெயர் உண்டு. மலை, ஊர் என இரு சொல்லும் தெள்ளத்தெளிந்த தமிழ். இதனினும் தமிழான பெயர் வேறு உண்டோ எனத் தோன்றும். ஆயின் அது சுமத்திராவின் ‘மலாயு’ நாடு. கி.பி. ஏழாம் நூற்றாண்டில் அவ்வழியே பயணம் செய்த சீனத் துறவி இ-சிங் அந்நாட்டைக் குறித்துள்ளார். அயற்பெயரைச் சோழர் காலப் புலவர் தமிழ்ச்செவிக்கு இசையத் திருத்திக்கொண்டார். வடசொல்லும் திசைச்சொல்லும் தமிழில் வருங்கால் தமிழ் எழுத்துக்கு ஏற்ப அமையும் என்னும் இலக்கணத்தின்படி அது குற்றமன்று. மலாயு தமிழர் பெயரிட்ட ஊர் என்று அதனைக் கொண்டு வாதிடுவதுதான் குற்றம்.

சிங்கப்பூரும் தேக்காவும்

தொலைவிலுள்ள பெயர்கள் கிடக்க. இவ்வூரின் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். ‘சிங்கம்’, ‘ஊர்’ என்னும் இரண்டும் சேர்ந்ததே சிங்கப்பூர் என்று மாணவர் எழுதுவது எளிது. புணர்ச்சி இலக்கணம் அதற்கு இடம் தராது. மகர ஈறு கெட்டு, உயிர் வருமிடத்து உடம்படுமெய் தோன்றும். வட்டம், ஆழி என்பன வட்டவாழி ஆனாற்போலச் சிங்கம், ஊர் என்பன சிங்கவூர் ஆதல் வேண்டும். பகர ஒற்று எங்கிருந்து வந்தது? வருமொழி பகரத்தில் தொடங்கினால்தான் வரும். மரம், பெட்டி என்பன மரப்பெட்டி ஆவதுபோல, ‘புர’ என்னும் வடசொல்லின் திரிபாகிய ‘பூர்’ வந்து சேரச் சிங்கப்பூர் ஆயிற்று. நன்னூல் கற்ற மாணவன், வரலாற்று நூலைப் புரட்டாமலே, தன் ஊர்ப்பெயரில் ‘ஊர்’ இல்லை என்று நிறுவிவிட முடியும். இலக்கணத்தின் ஆற்றலுக்கு இதனினும் இனிய பாடம் எது?

சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் சிங்கபுரம் வருகிறது என்பதைக் கொண்டு, இளங்கோவடிகள் சிங்கப்பூரை அறிந்திருந்தார் எனக் கூற முற்படுவார்க்கும் விடை வேண்டும். அக்காதையின் சிங்கபுரம் கலிங்க நாட்டது. கோவலன் முற்பிறப்பில் வாழ்ந்த ஊர். மகாவம்சம் கூறும் சீகபுரம் வேறு. சம்பா நாட்டின் சிம்மபுரம் வேறு. கெர்சொனேசொஸ் போலவே இதுவும் பல இடங்களுக்கு வழங்கிய பெயர். இந்தத் தீவுக்கு 1365இல் இயற்றப்பட்ட சாவக நூலாகிய நாகரகிருதாகமத்தில் துமாசிக் என்னும் பெயரே வழங்குகிறது. கென்னிங் கோட்டைக் குன்றில் 1984 முதல் நடந்த அகழாய்வுகள் 14ஆம் நூற்றாண்டுக் குடியிருப்பைக் காட்டின. சான்று எதுவரை செல்கிறதோ அதுவரையே ஆசிரியர் செல்லுதல் தகும். தாலமி குறிக்கும் ‘சபனா’ என்னும் துறையைச் சிங்கப்பூரோடு பொருத்தியோர் உண்டு. ஆனால் உலகின் சுற்றளவையே குறைத்துக் கணக்கிட்ட தாலமியின் எண்களைக் கொண்டு ஒரு சிறு தீவைக் குறிவைத்துக் காட்டுதல் இயலாது.

1843இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட சிங்கப்பூர்க் கல்லின் துண்டு ஒன்று தேசிய அரும்பொருளகத்தில் உள்ளது. 2019இல் ஓர் ஆய்வாளர் அதில் ‘கேசரிவ’ என்னும் எழுத்துகள் உள்ளன என்றும், அவை சோழரின் பரகேசரிவர்மன் என்னும் பட்டத்தின் பகுதியாகலாம் என்றும் கருத்துரைத்தார். ஆய்வாளர் ‘ஆகலாம்’ என்று சொன்னதை மேடை ‘ஆயிற்று’ என்று மாற்றிவிடக் கூடாது. ‘ஆகலாம்’, ‘ஆயிற்று’ என்னும் இரு வினைமுற்றுகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் காப்பது தமிழாசிரியரின் தொழிலன்றோ?

சிராங்கூன் சாலையின் தொடக்கத்திலுள்ள தேக்காவும் ஒரு பாடநூலே. செவியை நம்பினால் தேக்குமரம் நிறைந்த இடம் தேக்கா ஆயிற்று என்று சொல்லிவிடலாம். மெய்யோ வேறு. ஹொக்கியன் சீனத்தில் ‘தெக் கா’ என்றால் மூங்கிலடி. 1982இல் அங்காடிக்கு அப்பெயரே மாண்டரின் ஒலிப்பில் ‘சூச்சியாவ்’ என இடப்பட்டது. எழுத்து அதுவே, பொருள் அதுவே. ஆயினும் மக்கள் நாவில் அது ஏறவில்லை. 2000இல் தேக்கா என்னும் பெயர் மீண்டது. அச்சீனப் பெயரைத் தமிழர் ‘தேக்காவுக்கு’, ‘தேக்காவில்’ என வகர உடம்படுமெய் தந்து, உருபு தந்து, தம் மொழியின் குடியுரிமை தந்து வழங்குகின்றனர். பிளினி முசிறிக்குச் செய்ததும் இதுவே. அயற்பெயரைத் தமிழாக்க வேண்டுமாயின் அதற்குத் தமிழ் வேற்றுமை உருபு போதும். பொய்யான பிறப்புச் சான்று வேண்டா.

மூன்று மறுப்புகள்

இதற்கு மூன்று மறுப்புகள் எழலாம்.

இலத்தீன் இலக்கணத்திற்கும் தமிழ் வகுப்பிற்கும் என்ன தொடர்பு என்பது முதலாவது. சிங்கப்பூர் மாணவர் இலத்தீனை அறியாமலே அதனோடு வாழ்கின்றனர். உயிரியல் நூலின் பெயர்கள் இலத்தீன். ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தின் குறிக்கோளுரை இலத்தீன். ‘இன்னும் நல்லதொரு காலத்தின் நற்குறி’ எனப் பொருள்படும் அதில், மூன்று சொற்களுள் இரண்டு ஆறாம் வேற்றுமையில் நிற்கின்றன. வேற்றுமை என்றால் என்னவென்று ஆங்கில வகுப்பில் இம்மாணவர் அறிய வழி குறைவு. ஆங்கிலம் தன் வேற்றுமைகளைப் பெரும்பாலும் இழந்துவிட்டது. எட்டு வேற்றுமைகளை இன்றும் உயிரோடு வைத்திருக்கும் மொழியைக் கற்பிப்பவர் தமிழாசிரியர். இலத்தீன் சொல் ஒன்றை எட்டிப் பிடிக்க இம்மாணவர்க்கு ஏற்ற ஏணி தமிழ் வகுப்பிலேயே உள்ளது.

ஊர்ப்பெயர் வெறும் அடையாளக்குறி, அதற்கு இலக்கணம் எதற்கு என்பது இரண்டாவது. அடையாளக்குறியாயினும் தொடரில் நின்றால் அது சொல்லே. ‘சிங்கப்பூர் தமிழர்’ என்று வல்லெழுத்து மிகாமல் எழுதும் பிழை இதழ்களிலும் பலகைகளிலும் மலிந்திருப்பது, ஊர்ப்பெயருக்கு இலக்கணம் இல்லை என்னும் எண்ணத்தின் விளைவே. தஞ்சாவூர் தஞ்சை ஆனாற்போலச் சிங்கப்பூர் சிங்கை என மருவியது. 1887இல் தோன்றிய இதழொன்று ‘சிங்கை நேசன்’ எனப் பெயர் பூண்டது. அன்றே இவ்வூர்த் தமிழர் ஊர்ப்பெயரை இலக்கணத்தோடு ஆண்டனர்.

மூன்றாவது மறுப்பே வலியது. சிறுபான்மை இனத்துக் குழந்தைக்குப் பெருமிதம் வேண்டும். சிறிது மிகைப்படுத்தினால் என்ன என்பது அது. பெருமிதம் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் சிங்கப்பூர்க் குழந்தையின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1966 முதல் உயர்நிலைப் பள்ளியில் இரண்டு மொழி கட்டாயம். தமிழ் வகுப்பில் கேட்டதை அக்குழந்தை ஆங்கிலத்தில் சரிபார்க்கும். அதற்கு ஒரு கைப்பேசி போதும். கெர்சொனேசொஸ் தமிழ்ச்சொல் என்று கேட்டுவந்த மாணவி, அது கிரேக்கம் என்று கண்ட அந்நொடியில் இழப்பது ஒரு சொல்லை மட்டுமன்று. ஆசிரியர் சொன்ன முசிறியும் பொய்யோ, தலைத்தக்கோலமும் பொய்யோ, இராசேந்திரனின் கப்பற்படையும் பொய்யோ என்னும் ஐயம் முளைக்கும். பொய் நாணயம் ஒன்று கலந்தால் பையிலுள்ள நல்ல நாணயத்தையும் கடைக்காரர் தட்டிப் பார்ப்பார். தமிழ் பயின்றது வீண் என்று அம்மாணவி முடிவு செய்தால், அப்பழி மாணவியைச் சேராது.

ஆசிரியர்ப் பயிற்சியில் ஊர்ப்பெயர் ஆய்வுக்கு மூன்று வினாக்களைக் கற்பித்தல் போதும். இப்பெயருக்கு அதன் சொந்த மொழியில் பொருள் என்ன? அம்மொழியின் இலக்கணத்தில் அதன் ஈறும் பாலும் வேற்றுமையும் யாவை? அது ஒரு மொழியினின்று மற்றொரு மொழிக்கு எவ்வழியே, எக்காலத்தே, எந்நூலின் வாயிலாக வந்தது? மூன்றுக்கும் விடை இருப்பின் பெயரை வகுப்பிற்குக் கொண்டு செல்லலாம். ஒன்றுக்கு விடை இல்லையாயினும் ‘இன்னும் அறியப்படவில்லை’ என்று கரும்பலகையில் எழுதலாம். அவ்வாறு எழுதும் ஆசிரியரிடத்து மாணவர் நம்பிக்கை குறைவதில்லை.

விக்டோரியா தெருவிலுள்ள தேசிய நூலகம் பழைய நிலப்படங்களைத் தொகுத்து வைத்துள்ளது. அவற்றில் பொன்னந்தீவக்குறை இலத்தீன் எழுத்தில் நிற்கிறது. தேக்காவிலிருந்து நடந்து செல்லும் தொலைவே அது. மாணவரை அங்கே அழைத்துச் சென்று, ‘-உஸ்’ ஈற்றுப் பெயருக்கு அருகே ‘-ஆ’ ஈற்று அடை ஏன் நிற்கிறது என்று வினவும் தமிழாசிரியர் ஒருவர் போதும். மேடையில் கரைநேசம் பேசும் நூறு நாவலர் செய்ய இயலாத தமிழ்த்தொண்டை அவ்வொருவர் செய்தவராவார்.